ஏகாதசியன்று அனுப்பிய குழைசாதம்

போன மாதம் கெம்பையா என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் என் இடத்துக்கு வந்தவன். இப்போது டின்னில் அடைத்த மாவு ஒன்று வருகிறதாம். வெந்நீரில் கலக்கி, விழுங்க முடியாத நோயாளிக்கு அப்படியே கொடுத்துவிடலாமாம். "கலக்கினா சரியாத்தான் இருக்குது அண்ணா. வார்டுக்குப் போறதுக்குள்ள கல்லாயிடுது. நீங்க எப்படிப் பண்ணினீங்கன்னு எழுதிக் குடுங்க. பெரிய டாக்டரும் ஆஸ்பத்திரி மலருக்கு உங்க கிட்ட ஒரு கட்டுரை வாங்கிக்கினு வரச் சொன்னாரு. அந்த விஷயத்தையும் சேத்து எழுதணுமாம்" என்றான்.

எந்த விஷயம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுதந்திரம் வந்த வருஷம் கண்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சமையலாளாகச் சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு பஜனை மடத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பெருமாளுக்கு நைவேத்தியம் ஆகும் வரை சமைத்தவன் நாக்கில் ஒரு பருக்கை படக் கூடாது. உப்பு கூடவா குறைச்சலா என்பதைக் கொதிக்கிற வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்தும் முதல் இரண்டு வருஷம் அப்படியேதான் சமைத்தேன். பொதுவார்டுச் சாம்பாருக்கு அது போதும்.

பிறகு சிஸ்டர் டோரா சாப்பாட்டுப் பொறுப்புக்கு வந்தார். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஐம்பதை நெருங்கிய வயது, மெல்லிய உடம்பு. தமிழை வெட்டி வெட்டிப் பேசுவார். பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், தொண்டை அடைப்பான் வந்து பிழைத்தும் விழுங்கத் திராணி போனவர்கள், இவர்களுக்கெல்லாம் தனி அடுப்பு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினார். அந்த அடுப்பில் என்னை நிறுத்தினார். அதில் செய்வதை நாங்கள் தொண்டைச் சாப்பாடு என்போம்.

விழுங்க முடியாதவருக்குத் தண்ணியாகக் கொடுத்தால் சுலபமாக இறங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் நாள் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி அனுப்பினேன். சிஸ்டர் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

"இது என்ன மேன்?"

"கஞ்சி சிஸ்டர். நல்லா நைஸா இருக்குது."

என்னை வார்டுக்கு அழைத்துக்கொண்டு போய், காலிக் கட்டில் ஒன்றைக் காட்டினார். "கட்டில்ல உட்காரு. கை ரெண்டும் தொடைக்கு அடியில வை. தலையைப் பின்னால சாய். தெரேசா, இவனுக்குத் தண்ணி ஊட்டு."

தெரேசா வார்டு ஆயா. லிங்கராஜபுரத்திலிருந்து நடந்து வருவாள். புருஷன் இல்லை. அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். "வாயைத் தொறங்க அண்ணா, பாப்பாவாட்டம் இருக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு பெரிய ஸ்பூன் தண்ணீரை விட்டாள். எனக்குப் புரையேறி மூக்கில் வந்துவிட்டது.

"நல்ல தொண்டைக்கே இப்படி. தண்ணி ஓடும், நிக்காது. தப்பான வழியில நெஞ்சுக்குள்ள போகும். அப்புறம் ஜுரம், அப்புறம் சாவு. புரியுதா?" என்றார் சிஸ்டர்.

கெம்பையாவுக்காக முறையை எழுதிவிடுகிறேன். அரிசி ஒரு வருஷமாவது பழையதாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு தண்ணீர் வைத்து, பருக்கை உருத்தெரியாமல் வேக வேண்டும். பயத்தம்பருப்பைத் தனியாக வேகவிடு. இரண்டையும் சேர்த்து மரக்கரண்டியின் முதுகால் சல்லடையில் தேய்த்து இறக்கு. பிறகு மல் துணியில் இன்னொரு தரம் பிழி. நெய் ஒரு சொட்டு, மிளகு கிடையாது, தாளிப்பு கிடையாது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, ஒரே உருண்டையாக நழுவ வேண்டும். கேழ்வரகானால் ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை மட்டும் காய்ச்சு. ஆறும்போது மேலே ஆடை கட்டும். அதை எடுத்து எறியாமல் அனுப்பினால் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் பாதிதான். கடைசியில் சமைத்தவன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம். உப்பு பார்ப்பதற்கு அல்ல. தனிக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து, பல் படாமல், நாக்கால் அண்ணத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும். இன்னொரு தரம் வெறுமனே விழுங்க வேண்டும். அதற்குப் பிறகும் வாயில் ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தப் பாத்திரம் வார்டுக்குப் போகக் கூடாது. சிஸ்டரே ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணுகிற மாதிரி கண்ணை மூடி விழுங்குவார். திறந்து "போகலாம்" என்பார். ஆறு வருஷத்தில் "நல்லா இருக்கு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் முதலில் மறுத்தேன். சமைக்கிறவன் வாயில் வைப்பது எங்கள் பழக்கம் இல்லை, பார்த்தாலே தெரியும் என்றேன்.

"கண்ணுக்குக் காட்டாதே மேன். பேஷண்ட் கண்ணால விழுங்கறதில்லை" என்றார்.

ஒன்றில் மட்டும் எங்கள் இருவர் சட்டமும் சேர்ந்தது. ருசி பார்த்த ஸ்பூனைத் திரும்பப் பாத்திரத்தில் போடக் கூடாது. எனக்கு அது எச்சில். அவருக்கு, எச்சில் பட்டால் கஞ்சி அரை மணியில் நீர்த்துவிடும் என்ற கணக்கு. "உன் சாமிக்கும் இது தெரிஞ்சிருக்கு, பரவாயில்லை" என்றார்.

சுவரில் ஒரு அட்டை தொங்கும். என்ன பதார்த்தம், எத்தனை மணி, யார் ருசி பார்த்தது என்று எழுத வேண்டும். நான் பார்த்தால் வரதன் என்பதற்கு 'வ' போடுவேன். மாதம் இரண்டு ஏகாதசி எனக்கு விரதம். அதைச் சொன்னபோது சிஸ்டர் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு நாள் தெரேசா பார்க்கட்டும். அட்டையில அவ போடட்டும்" என்றார். அப்படியே நடந்தது. தெரேசா 'தெ' போடுவாள்.

இனி அந்தக் கேஸ்.

சபாபதி என்று ஒரு தையல்காரர். பட்டாளத்துக்குச் சட்டை தைத்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்து வந்தார். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது, "ஆச்சு". பசிக்கும் ஆச்சு, போதும் என்பதற்கும் ஆச்சு, என்னைக் கண்டால் சந்தோஷத்துக்கும் ஆச்சு. அவர் மனைவி மரகதம் காலையில் வந்து இருட்டுவதற்குள் போவாள்.

"இருபத்தெட்டு வருஷம் என்னை ஒரு வார்த்தை பேசவிடாத மனுஷன். இப்ப நான் பேசறேன், கேட்டுக்கினு கிடக்கறாரு" என்பாள். என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "இது சோறா, சட்டைக்குப் போடற கஞ்சியா? இதைப் போட்டு இஸ்திரி பண்ணினா காலர் மடங்காது" என்பாள். அதற்கு சபாபதி பாதி முகத்தால் சிரிப்பார்.

வந்த புதிதில் இரண்டு தரம் ஜுரம் கண்டு பிழைத்தார். பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் நானும் தெரேசாவும் அவரைக் கண்ணில் வைத்துப் பார்த்தோம். நேராக உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, அரை ஸ்பூன் கொடுத்து, விழுங்கியதும் "ஆச்சு" சொல்லச் சொல்லுவாள். குரல் கரகரவென்று ஈரமாக வந்தால் தொண்டையில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் விழுங்கச் சொல்லுவாள். சுத்தமாக வந்தால்தான் அடுத்த வாய். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி ஆகும். இன்னும் பத்து நாள் ஜுரம் வராமல் இருந்தால் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரகதம் புதுப் பானை வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

அந்தப் பத்து நாளுக்குள் வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்று நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. விடிவதற்கு முன்பே கோயில் வரிசையில் நின்றேன். சொர்க்கவாசல் வழியாகப் பெருமாளைச் சேவித்து வெளியே வந்தபோது மனசு நிறைந்திருந்தது. வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். சிஸ்டர் கிறிஸ்துமஸ் லீவில் போனவர் திரும்பவில்லை. கேட்பார் இல்லை.

ஸ்டோரில் புட்டண்ணா அரிசி அளந்துகொண்டிருந்தார். "இவத்து ஒள்ளே தின வரதண்ணா, ஹொச அக்கி பந்திதே" என்று கன்னடத்தில் சொன்னார். நல்ல நாளும் அதுவுமாகப் புது அரிசி வந்திருக்கிறது என்றார். பழைய அரிசி மூட்டை அடியில் கிடந்தது. அதை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் நகர்த்த வேண்டும். நான் புது அரிசியை முகர்ந்து பார்த்தேன். பெருமாளே, முதல் அரிசி உனக்கு என்று மனசுக்குள் சமர்ப்பித்து வாங்கிக்கொண்டேன். புது அரிசி குழைந்தால் பசையாகும் என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கெட்டியாக நிற்பது நல்லதுதானே என்று நினைத்தேன். அன்று எனக்கு எல்லாமே நல்லதாகத் தெரிந்தது.

வேகவைத்து, தேய்த்து, பிழிந்து, நெய் கொஞ்சம் தாராளமாக விட்டேன். ஸ்பூனைச் சாய்த்தேன். வெள்ளை வெளேரென்று சுத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. சூட்டில் வழுக்கும். ஆறினால் என்ன ஆகும் என்பது நாக்குக்குத்தான் தெரிந்திருக்கும்.

தெரேசாவை வேறு வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து அடுப்பில் அந்தோணி முட்டைக் குழம்பு செய்துகொண்டிருந்தார். அவரை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மற்ற நாளானால் சொல்லியிருப்பேன். சேவித்துவிட்டு வந்த அன்று அந்தக் கையை என் பாத்திரத்தின் பக்கம் விட மனசு வரவில்லை. அட்டையில் 'வ' போட்டேன்.

அப்போதுதான் தெரேசா ஓடி வந்தாள்.

"லேட்டாயிடுச்சு அண்ணா, அந்த வார்டுல விடவே மாட்டேன்னுட்டாங்க. இன்னைக்கு நான்ல பாக்கணும்? ஒரு ஸ்பூன் குடுங்க."

"நான் பாத்தாச்சு. எடுத்துக்கினு போ."

"உங்களுக்கு இன்னைக்குப் பெரிய விரதமாச்சே?"

"பாத்தேன்னு சொல்றேன் இல்ல? ஆறிடப் போவுது, போ."

அவள் போனாள்.

வார்டில் நடந்ததை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ளபடி எழுதுகிறேன். மூன்றாவது வாயில் சபாபதிக்கு மூச்சு அடைத்தது. இருமத் திராணி இல்லை. முகம் நீலமாயிற்று. தெரேசா விரலை விட்டு வழித்தாள், நர்ஸ் வந்து குழாய் வைத்து உறிஞ்சினாள். உயிர் திரும்பியது. மறுநாள் ஜுரம். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது.

மூச்சடைத்த செய்தி சமையல்கட்டுக்கு வந்தபோது பாத்திரத்தில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது. பாத்திரம் கழுவ வேறு ஆள் உண்டு. நானே எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தேன். பசை விரலில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

சிஸ்டர் டோரா வந்த பிறகு விசாரணை நடந்தது. டாக்டர் மேஜையில், பக்கத்தில் சிஸ்டர், எதிரே நாங்கள் இரண்டு பேர். மரகதத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். "சாப்பாட்டுல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். வரதன் சமைச்சது. அந்தப் பொண்ணுதான் லேட்டா வந்துட்டு அவசர அவசரமா ஊட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஊட்டும்போது அவள் அங்கே இல்லை. கோயிலுக்குப் போயிருந்தாள்.

சிஸ்டர் அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"இது உன் எழுத்துதானே?"

"ஆமாம் சிஸ்டர்."

"அன்னைக்கு ஏகாதசி. பெரிய ஏகாதசி. நீ தண்ணிகூடக் குடிக்க மாட்டியே மேன்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் எனக்காகவே கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. நான் சொன்னது இது: "தெரேசா வரலை சிஸ்டர். பேஷண்டு பசியோட இருக்கக் கூடாதுன்னு விரதத்தை விட்டுட்டு நானே வாயில வெச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

சிஸ்டர் எழுந்து நின்றார். டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உன் விரதத்தைவிட அந்த மனுஷனைப் பெரிசா நினைச்சே. நான் இதை மறக்க மாட்டேன் வரதன்" என்றார். ஆறு வருஷத்தில் கேட்காததை அன்று கேட்டேன்.

தெரேசா முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஊட்டும்போது யார் பார்த்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. அரை ஸ்பூன்தான் சார் குடுத்தேன். எப்பவும் போலத்தான் குடுத்தேன்" என்றாள்.

"வரதன், நீ?"

"நான் கிச்சன்ல இருந்தேன் சார்."

ஊட்டியதில் அவசரம் என்று எழுதினார்கள். அவள் டெம்பரரி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். நோயாளிக்காக வைகுண்ட ஏகாதசியை முறித்த சமையல்காரர் என்று புதிதாக வருகிற நர்ஸுகளுக்குச் சொல்லிக் காட்டினார்கள். பஜனை கோஷ்டிக்குச் செய்தி எட்டி, சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பட்டாச்சாரியார், ஆபத்துக்குத் தோஷமில்லை என்று தீர்த்தம் கொடுத்துத் தேற்றினார். செய்யாத பாவத்துக்கு எல்லோரும் எனக்கு மன்னிப்புக் கொடுத்தார்கள். செய்த பாவத்துக்குக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிகூட, "என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க" என்று கண் கலங்கினாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையைத் தாண்டி லிங்கராஜபுரம் போனேன். தெரேசா காக்ஸ் டவுனில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"தெரேசா, அன்னைக்கு நான்..."

"தெரியும். அந்தாளு அண்ணத்துல ஒட்டினதை நான்தான விரலால வழிச்சேன்? கோந்தாட்டம் இருந்துச்சு. வாயில வெச்சுப் பாத்தவன் அதை அனுப்புவானா?"

"அப்ப ஏன் சொல்லலை?"

"எங்க சொல்றது? நீங்க நாமம் போட்டுக்கினு நிக்கறீங்க, அட்டையில எழுத்து இருக்குது, சிஸ்டர் எழுந்து நிக்கறாங்க. நான் சொன்னா, ஆயா சமையல்காரன் மேல பழி போடறான்னு அதுக்கும் சேத்து எழுதுவாங்க."

"நான் போய் இப்ப சொல்லிடட்டுமா? உன் வேலை திரும்பினாலும் திரும்பும்."

பரவாயில்லை, போகட்டும் என்று சொல்வாள் என நினைத்துத்தான் கேட்டேன் போலிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"சொல்லுங்க. நாளைக்கே போய் சொல்லுங்க. பெந்தகோஸ்தே திருநாள் வரைக்கும், ரெண்டு மாசம் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் சிஸ்டரின் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணை மூடி விழுங்கிக்கொண்டிருந்தார். திறந்து, "போகலாம்" என்றார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த வாரமும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சிஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஆடி மாதம் நான் மறுபடி லிங்கராஜபுரம் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தாயும் மகளும் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சர்ச்சில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏகாதசி இன்றும் இருக்கிறேன். பிறகு வந்த ஒவ்வொரு ஏகாதசியிலும் தொண்டைச் சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பாமல் விழுங்கினேன். விரதம் நிஜமாகவே முறிந்தது. அதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் என் பெயர் இன்னும் உயர்ந்தது. இதைப் பெருமாள் எனக்கு எதற்குக் கொடுத்தார் என்று கேட்கிற தைரியம் இல்லை.

மலருக்குப் பெரிய டாக்டர் கேட்ட விஷயம் இதுதான். விரதத்தை முறித்த கதை. அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அதை நான் எழுத முடியாது. இதை எழுதிவிட்டேன். அச்சில் போட்டால் போடட்டும்.

கெம்பையா, புது அரிசியைத் தொண்டைச் சாப்பாட்டுக்கு எடுக்காதே. டின் மாவானாலும் சரி, ஆறவிட்டு வாயில் வைத்துப் பார்க்காமல் அனுப்பாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று அவள் ஊட்ட ஆரம்பித்தபோது நான் கிச்சனில் இல்லை. ருசி பார்த்ததாக அவளிடம் சொன்னது பொய்யாயிற்றே என்று மனசு உறுத்தி, பின்னாலேயே போய் வராந்தா ஜன்னலில் நின்றேன். தெரேசா அவரை நேராக உட்கார வைத்தாள். முகவாயைத் தாழ்த்தினாள். அரை ஸ்பூன்தான் எடுத்தாள். முதல் வாய்க்குப் பிறகு "ஆச்சு" சொல்லச் சொன்னாள், குரல் சுத்தமாக வந்தது. இரண்டாவதுக்குப் பிறகு காத்திருந்தாள், மறுபடி விழுங்கச் சொன்னாள். எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறாள், இன்றைக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்புக்குத் திரும்பினேன்.